போபோடியில் விழுந்த அட்சதை

1.
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு வராத பட்டு அத்தை மேல் பதினான்கு வருஷமாக இருந்த கோபத்திலிருந்துதான் இந்தக் கதை புறப்பட்டது. நான் இருப்பது வாகட், அத்தை இருப்பது போபோடி; வடக்கே ஒரே நகரத்தின் இரண்டு பகுதிகள். பஸ் ஏறினால் போய்விடலாம். ஒரு நாளும் போனதில்லை.

"சதுப்பின் மேல் சூரியன் மெல்ல" என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

2.
வேலை ரோஹிணிக்குத்தான். எங்கள் குடியிருப்பில் நாலாவது மாடி, கோயம்புத்தூர்க்காரி, நீர்ப்பறவைகளின் மரபணுவை ஆராய்பவள். போபோடி ஆற்றோரச் சதுப்பில் நீலத் தாழைக்கோழிகள் இருக்கின்றன. பத்து வருஷத்துக்கு முன் நடுவில் சாலை போட்டதில் சதுப்பு இரண்டாகிவிட்டது. இரண்டையும் இப்போது இணைப்பது கோரை மண்டிய ஒரு வாய்க்கால்தான். அதையும் மூடி நடைபாதை போடுவதாகத் திட்டம். வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம்.

இந்தப் பக்கத்துக் கோழிகள் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்து செய்து மரபணு வகையில் குறைந்துவிட்டன என்பது ரோஹிணியின் வாதம். "முன்னால் எத்தனை வகை இருந்தது?" என்று யாராவது கேட்டால் போச்சு. ஒப்பிட்டுப் பார்க்க, சாலைக்கு முந்தைய இறகு ஒன்றுகூட அவளிடம் இல்லை.

ஒரு சாயங்காலம் கரையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தவளிடம், கன்டோன்மென்ட் ஆபீஸிலிருந்து திரும்பிய ஒரு பெண்மணி இந்தியில் விசாரித்தார். ரோஹிணி தன் அம்மாவோடு போனில் தமிழ் பேசியது காதில் விழுந்ததும் பாஷை மாறியது.

"இறகா தேடறே? எங்காத்துல நெறைய இருக்கே."

3.
அந்தப் பெண்மணிதான் பட்டு அத்தை. அவருடைய டிரங்குப் பெட்டியில் இருபத்தாறு கல்யாணப் பத்திரிகை உறைகள். மூலையில் தடவிய மஞ்சள்கூட மங்கவில்லை. ஒவ்வொன்றிலும் பத்திரிகையோடு ஒரு நீல இறகு. ரோஹிணி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்ப எடுத்ததுங்க ஆன்ட்டி?"

"அதான் முகூர்த்தத் தேதி போட்டிருக்கே, பாரேன்."

ஊரில் கல்யாணம் என்றால் லீவு இல்லை என்று சொல்லிப் பட்டு அத்தை போக மாட்டார். அன்றைக்கு முகூர்த்த நேரத்தில் கரைக்குப் போய், தெற்கே பார்த்து நின்று, ஜோடியின் பேரைச் சொல்லி அட்சதை போடுவார்.* கோழிகள் வந்து பொறுக்கும். கீழே இறகு கிடந்தால் எடுத்து அந்தப் பத்திரிகைக்குள்ளேயே வைப்பார். இடம், தேதி, நேரம், ஈரம் படாத காகித உறை. ரோஹிணியின் மாணவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

(* அரிசி போடக் கூடாது என்று ரோஹிணி சொல்லிவிட்டாள். இறகுகளுக்கு வனத்துறை அனுமதியும் வாங்கிவிட்டாள். கேட்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? ஏதாவது குறை சேர்க்கலாம் என்று தேடினேன். ரோஹிணியே அத்தையிடம் கேட்டுக் குறித்து வைத்திருந்தாள்.

"ஒரு தடவைகூட லீவு கெடைக்கலீங்களா?"

"கெடைக்கும். நான்தான் கேக்க மாட்டேன். போனா, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையான்னு ஆளுக்கு ஆள் கேப்பா. இப்ப கேக்கறதில்லை. ஆனா போகாமயே பழகிடுத்து."

இதைப் படிக்கும்போது என் கோபம் எந்த வரியில் போனது என்று எனக்கே தெரியவில்லை.

4.
பதினேழாவது உறையைப் படம் எடுத்து ரோஹிணி எனக்கு அனுப்பினாள். "தருண் – கிருஷ்ணப்ரியா. அண்ணா, இது நீங்களா?"

சோதனையில், பழைய இறகுகளில் ஆறு தாய்வழி வகைகள் தெரிந்தன. இன்று இந்தப் பக்கம் மிஞ்சியது இரண்டு. காணாமல் போனவற்றில் ஒன்று சாலைக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. வாய்க்கால் இருந்தால் திரும்பி வரலாம். அந்த வகை இருந்தது என் கல்யாண உறையில்.

[ரோஹிணி திருத்தம்: இல்லை. அது பதினெட்டில், நீலா – பத்ரிநாத். உங்களுடையது சாதாரண வகை. கதைக்காக டேட்டாவை மாத்தாதீங்க அண்ணா.]

சரி. என்னுடையது சாதாரண வகை. அதற்கும் ஒருவர் வெயிலில் நின்று அட்சதை போட்டிருக்கிறார். எனக்கு அது போதும், அதற்கு மேலும்.

5.
ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் தன் பேரைப் போட அத்தை விடவில்லை. "எம் பேரு எதுக்கு? கல்யாணம் பண்ணிண்டவா அவா. அவா பேரைப் போடு." ஆகவே இருபத்தாறு ஜோடிகளுக்கு நன்றி சொல்லும் கட்டுரை அது. இருபத்தேழாவதாக அத்தையின் பேரை ரோஹிணி அவருக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டாள்.

இன்று புதன். முடிவுகள் மூன்று எழுதினேன். (அ) வாய்க்கால் தப்புகிறது. (ஆ) நடைபாதை வருகிறது, அதில் நானே ஒரு காலையில் நடை போ— (இ) வேறு தேதிக்குத் தள்ளிவைக்கிறார்கள். எதையும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. நாளைய கூட்டம் கதையில்லை; யாரும் வரலாம், பேசலாம். நீங்கள் வந்தால் முடிவில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எனக்கு இப்போது நேரமில்லை. கிருஷ்ணப்ரியா கல்யாணப் புடவையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். போபோடிக்குக் கிளம்புகிறோம், அத்தைக்கு நமஸ்காரம் பண்ண. பூவும் பழமும் வாங்கியாயிற்று. அட்சதை எடுத்துக்கொள்ளவில்லை. அது அத்தை வீட்டில் இருக்கும்.