தீர்த்தம் பட்ட லேப்டாப்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிடைத்தது. நான் போனது கதைக்காக அல்ல, லேப்டாப்புக்காக. என் பழைய லேப்டாப்பில் 'அ' அடித்தால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும். "எழுதறதுக்கு மட்டும்தான் தம்பி" என்று தெளிவாகத்தான் சொன்னேன். கடைக்கார இளைஞன் வெற்றிவேல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விற்காமல் கிடந்த ஒரு கேமிங் லேப்டாப்பை எடுத்து வைத்தான். "இது இன்னா வேணா தாங்கும் சார்" என்றான். என் நாவல்களை அவன் படித்ததில்லை என்று தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

அவன் அதில் ஏதேதோ ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் நான் வாங்கிய அதே லேப்டாப்.

"டபிள்யூ மட்டும் அடிக்க மாட்டங்குது தம்பி. வாங்கி பாஞ்சு நாளுதான் ஆவுது."

வெற்றிவேல் திருப்பிப் பார்த்தான். "தண்ணி ஊத்திட்டீங்களா சார்?"

"தண்ணி இல்ல. தீர்த்தம்."

"இன்னாது?"

"கோயில்ல மந்திரிச்ச தீர்த்தம். எங்கம்மா தெளிச்சிட்டாங்க."

"எந்தத் தண்ணியா இருந்தாலும் வாரண்டி கெடையாதுங்க சார்."

அவர் சண்டை போடவில்லை. லேப்டாப்பை மூடி, கொண்டுவந்த துண்டிலேயே சுற்றி, எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்தது இவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

எப்படி ஆரம்பிப்பது?

கல்வராயன் மலை முகட்டில் கார்மேகங்கள் கவிந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் டே

(வேண்டாம். லேப்டாப் கதைக்கு மேகம் எதற்கு? இந்த மலையை வைத்துக் கதையைத் தொடங்காத ஆள் எங்கள் மாவட்டத்தில் ஒருவர்கூட இல்லை.)

டேவிட்டுக்குச் சிறுவயதிலிருந்தே விளையாட்டு என்றால் உயிர்

(பொய். அவனுக்குத் தாயக்கட்டைகூட உருட்டத் தெரியாது.)

டேவிட் தன் தம்பியோடு பேசி நான்கு வருடம் ஆகிறது.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

டேவிட் கச்சிராயபாளையத்துக்காரன். சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடையில் எழுத்தர். டிராக்டர் ஏறும், எண் ஓடும், இவன் எழுதுவான், டிராக்டர் இறங்கும். தம்பி அமலுக்கு ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை. அவர்களுடைய அப்பா சூசை ஒரு மே மாதத்தில் இறந்தார். செய்தி கேட்டதும் அமல் கிளம்பிவிட்டான். சென்னையில் இறங்கியதும் போன் செய்தான். "அண்ணா, எறங்கிட்டன். வந்துகினே கீறன். நான் வர்ற வரைக்கும் வச்சிருண்ணா." உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டான். இங்கே நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். ஆறு மணிக்கு அவன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது ஈர மண்ணும் மாலைகளும்தான் இருந்தன. வீட்டுக்குள் கால் வைக்காமல் அப்படியே திரும்பிப் போனான். அன்றிலிருந்து அண்ணன் அழைத்தால் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். அண்ணன் பேச்சு வந்தால், "டவர் இல்லம்மா" என்று வைத்துவிடுவான்.

(டேவிட் ஏன் காத்திருக்கவில்லை? ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் போய்விட்டது என்று முதலில் எழுதியிருந்தேன். வசதியான காரணம், மின்வாரியத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் டேவிட்டும் தப்பித்துக்கொள்ளலாம். அடித்துவிட்டேன். வந்த சனம் "எப்ப எடுக்கறீங்க, எப்ப எடுக்கறீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். "எந்தம்பி வரட்டும்" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. காரணம் அவ்வளவு சின்னது. அதனால்தான் அதை இதுவரை யாரிடமும் அவனால் சொல்ல முடியவில்லை.)

3

லேப்டாப் யோசனை மனைவி ரெஜினாவிடமிருந்து வந்தது. அவளுக்கே அது தெரியாது.

"உங்க தம்பி சாயந்தரம் ஆறு மணி ஆனா கேம்ல உக்காந்துக்கறாராம். எங்க பெரியப்பா பையன் அதே ரூம்லதான கீறான், அவன் சொன்னான். கேம்ல யார் கூப்ட்டாலும் சிரிச்சிச் சிரிச்சிப் பேசறாராம்."

"யார் கூப்ட்டாலுமா?"

"முன்னபின்ன தெரியாதவங்க கூப்ட்டா."

அப்படியானால் முன்பின் தெரியாதவனாக ஆகிவிடுவது என்று டேவிட் முடிவு செய்தான்.

(இந்த இடத்தில் அவன் ஒரு கடிதம் எழுதிப்போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "உக்காந்து எழுதினா அழுதுடுவேங்க" என்றான். பாத்திரங்கள் இப்படிப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் போக்கில் விட்டுவிடுவதுதான் எழுத்தாளனுக்கு மரியாதை.)

பையில் இருந்தது அறுபதாயிரம். ஒரு மாதம் யூட்யூபில் கிடந்தான். ஒருவர் வாங்கு என்பார், இன்னொருவர் அதையே வாங்கினால் செத்தாய் என்பார். கடைசியில் வெற்றிவேலின் கடைக்கு வந்தான்.

"இன்னாத்துக்கு சார் கேமிங் லேப்டாப்பு?"

"எடை போடறதுக்கு."

"எடை ஜாஸ்தின்னா இதான் சார் தாங்கும்" என்று வெற்றிவேல் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்.

அவன் எடுத்து வைத்த இரண்டு லேப்டாப்பையும் டேவிட் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டுலயும் ஒரே கிராபிக்ஸ் கார்டுன்னுதான் போட்டுக்குது. இது மட்டும் ஏன் வெல கம்மி?"

"இன்ஜின் ஒண்ணுதாங்க சார். இதுல டீசல், அதான் கரண்டு, கம்மியா வுடறான். மேட்டுல ஏறச்சொல்ல முக்கும்."

ஒரு மாத யூட்யூபில் விளங்காதது ஒரே நிமிடத்தில் டேவிட்டுக்கு விளங்கிவிட்டது. முக்குகிற டிராக்டர்களை அவன் தினமும் பார்க்கிறவன். டீசல் ஜாஸ்தி குடிக்கிறதையே எடுத்தான். மெமரியைக் குறைத்துக்கொண்டான், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று. அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

அதோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று நான் சொல்கிறேன், என்னிடமும் அதேதான் இருக்கிறது. சார்ஜர் செங்கல் கனம். அதைப் பிடுங்கிவிட்டால் ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். உள்ளே விசிறி ஓட ஆரம்பித்தால், மில் ஓடுகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மாவு அரைக்கக் கிளம்பிவிடுவார்கள். பொத்தான்கள் ஏழு நிறத்தில் எரியும். நான் சோகக் காட்சி எழுதும்போதும் எரியும்.

4

விளையாட்டு இதுதான். ஒரு தீவில் குதிக்க வேண்டும். சுற்றி ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டவனுக்கு உயிர் கரையும். யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது, நின்றால் தீர்ந்தான். டபிள்யூ என்ற பொத்தானை அமுக்கினால் ஆள் முன்னால் நடப்பான். எஸ் என்றால் பின்னால்.

ரெஜினாவின் பெரியப்பா பையன் ரகசியமாக அனுப்பிய பெயரைத் தேடி டேவிட் உள்ளே போனான். அமல் விளையாட்டில் வைத்திருந்த பெயர் 'கோமுகி'. வீட்டுக்குள் கால் வைக்காமல் போனவன் ஊர் அணையின் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தான். டேவிட் அந்தப் பெயரை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தான். இவனுக்கு விளையாட்டு தானாகவே கொடுத்த பெயர் 'ப்ளேயர் 7731'.

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் "மைக் ரிப்பேர்" என்று தட்டினான். அமல் பேசுவான், இவன் தட்டுவான். "யோவ் 7731, எம் பின்னாடியே வாய்யா", "குனிய்யா, குனிய்யா, சுடறான் பாரு". நான்கு வருடத்துக்குப் பிறகு தம்பி குரல். யோவ் என்றாலும் பரவாயில்லை. பத்து மாலைகள் டேவிட் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே ஓடினான், ஒருவரையும் சுடவில்லை. 'இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், காத்திருந்திருக்கணும்டா என்று ஒரே ஒரு வார்த்தை' என்று தினமும் உட்காருவான். சொல்லாமல் எழுவான்.

5

பதினோராம் நாள் அம்மா செபஸ்தியம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டி எரிகிறது, சூடாக மூச்சு விடுகிறது, உள்ளே யார் யாரையோ சுடுகிறார்கள்.

"டேய், இத்த மந்திரிக்கவே இல்லியே?"

அந்த வீட்டுக்குள் மந்திரிக்காமல் எதுவும் நுழைந்ததில்லை. மிக்சி, பீரோ, மொபெட் எல்லாம் தீர்த்தம் பட்டுத்தான் வாழ்க்கையைத் தொடங்கின. டேவிட் ஆலைக்குப் போன நேரத்தில், ஈஸ்டர் பூசையில் பிடித்து வைத்த பாட்டிலைத் திறந்து, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று மூன்று கை தெளித்தார். பிசாசு போனதோ இல்லையோ, டபிள்யூ போய்விட்டது.*

* இது முதல் முறை அல்ல. அமல் பாலிடெக்னிக் போனபோது வாங்கிய முதல் செல்போனுக்கும் இதே மரியாதை நடந்தது. அதில் ஸ்பீக்கர் போயிற்று. இரண்டு வருடம் அவன் அதைக் காதோடு ஒட்டி, ஊரே கேட்கக் கத்திக்கொண்டு திரிந்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

கடைக்குப் போனதையும் வாரண்டி கிடையாதென்று வந்ததையும் முன்பே பார்த்தோம்.

(தனியாக ஒரு கீபோர்டு வாங்கிச் செருகலாம், அல்லது விளையாட்டிலேயே வேறு பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விவரம் தெரிந்த வாசகர் சொல்வார். டேவிட்டுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் கதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்னொன்று: முன்னால் போக முடியாத மனிதன் என்று யாராவது இதற்கு ஆய்வுக் கட்டுரை எழுதினால் நான் பொறுப்பல்ல. கெட்டுப்போனது பொத்தான், அவ்வளவுதான்.)

6

கடையிலிருந்து திரும்பிய அன்று மாலை ஆறு மணி.

தீவில் ஒரு மலை. கடுக்காய் மரம் இல்லை என்பதைத் தவிர, கச்சிராயபாளையத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலை மாதிரியேதான் இருந்தது. கூட வந்த இருவர் முன்னால் ஓடிவிட்டார்கள். அமல் பாதி மலையில் திரும்பிப் பார்த்தான். கீழே 7731 முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி, ஒவ்வொரு அடியாக மலை ஏறிக்கொண்டிருந்தான்.

அமல் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "யோவ், இன்னாய்யா பின்னாடி பின்னாடியே நடந்துகினு வர?"

டேவிட் நின்று தட்டினான்: "பட்டன் போச்சு."

"எப்டிப் போச்சு?"

"தண்ணி கொட்டிடுச்சு" என்று தட்டினால் போதும். நான் எழுதியதும் அதைத்தான். அதை அழித்தது நானா அவனா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. திரையில் இருந்தது இது:

"அம்மா தீர்த்தம் தெளிச்சிட்டாங்க."

சிரிப்பு நின்றது.

7

முடிவுகள்.

(அ) அமல் விளையாட்டைவிட்டு வெளியேறிவிடுகிறான். டேவிட் லேப்டாப்பை விற்றுவிடு— (இல்லை. இதை எழுதிவிட்டு நான் சாப்பிடப் போனேன், சாப்பிட முடியவில்லை.)

(ஆ) "அண்ணா!" என்று அமல் கதறுகிறான். அடுத்த விமானத்தில்— (என் மனைவி படித்துவிட்டு எத்தனை மணிக்கு ஒளிபரப்பு என்று கேட்டாள்.)

(இ) கரண்ட் போய்விடுகிறது. (மின்வாரியத்தை மறுபடியும் இழுக்க வேண்டாம்.)

மூன்றையும் விட்டுவிட்டு, உட்கார்ந்து கேட்டேன். டேவிட்டின் ஹெட்போனில் அமலின் குரல், மெதுவாக:

"பட்டன்தானா? ஸ்பீக்கரு இருக்குதா?"

"இருக்குது" என்று டேவிட் தட்டினான்.

"எனுக்கு ஸ்பீக்கருதான் போச்சு."

மலையடிவாரத்தில் நீல வட்டம் நகர ஆரம்பித்தது. முன்னால் ஓடியவர்கள் "கோமுகி, வாடா, வட்டம் வருது" என்று கத்தினார்கள். கோமுகி அசையவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு, பாதி மலையில், வெட்டவெளியில் நின்றான்.

"நான் நிக்கறண்ணா. நீ வா."

டேவிட் எஸ்ஸின் மேல் விரலை வைத்தான். முதுகு தம்பியின் பக்கம், முகம் வட்டத்தின் பக்கம். தம்பிக்கும் இவனுக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். கண் கலங்கியதில் வட்டமும் சரியாகத் தெரியவில்லை. 'காத்திருந்திருக்கணும்டா' என்ற அந்த ஒரு வார்த்தை விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நடந்தால் தட்ட முடியாது. தட்டுவதென்றால் நிற்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வட்டத்தில் நேரம் இல்லை.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். என் லேப்டாப் மடியைச் சுடுகிறது, பேட்டரியும் தீரப்போகிறது. நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். டபிள்யூவைத் தவிர எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறது. மைக் ரிப்பேர் என்று அவன் சொன்னது பொய் என்பதும் உங்களுக்குத் தெரியும்.