மூன்றாவது வளைவில் கொதித்தது

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. லிங்கம் அதைப் பார்க்காத மாதிரி இருந்தான். பார்த்தால் மட்டும் இறங்கிவிடவா போகிறது?

பொன்முடிக்குப் போகும் மலைப்பாதை. கல்லாறு தாண்டி மூன்றாவது கொண்டையூசி வளைவு. இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறிய அம்பாசடரின் பானட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒரு கீற்று எழுந்தது. பின் சீட்டில் மதுரையிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை அந்தக் கீற்றைப் பெண்டாட்டிக்குக் காட்டி, மலையில் பனி இப்படித்தான் திடீரென்று இறங்கும் என்று விளக்கினான்.

“பனியில்ல சார். எறங்குங்க,” என்றான் லிங்கம்.

ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கி, ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். ஆவி ஆளுயரத்துக்குப் பீறிட்டது. புதுப்பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் யாரோ கஷாயம் காய்ச்சுகிறார்கள் என்றாள். லிங்கம் காதில் வாங்கவில்லை. டிக்கியிலிருந்து பச்சை பிளாஸ்டிக் கேனை எடுத்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். வண்டி அத்தனையையும் குடித்தது. மறுபடி கிளப்பியதும் மறுபடி கொதித்தது.

எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. தம்பதி அதில் தொற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை. பெண்தான் ‘ஐயோ பாவம்’ என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். லிங்கத்துக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன சவாரியிலும் இதே வளைவு. அதற்கு முந்தின சவாரியிலும் இதே வளைவு. தம்பானூரிலிருந்து கோவளம் போனாலும் கழக்கூட்டம் போனாலும் முள் நடுவில் பூனை மாதிரி படுத்திருக்கும். மலை என்று வந்துவிட்டால் போதும், வண்டிக்குப் பிசாசு பிடித்துவிடும்.

வண்டி லிங்கத்துடையது அல்ல. லீலாபாய் அம்மாளுடையது. மார்த்தாண்டத்துக்காரர், ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்று, நந்தன்கோட்டில் வீடு கட்டிக்கொண்டவர். பாதி நோயாளிகளை மருந்தாலும் மீதிப் பேரை மிரட்டியும் குணப்படுத்தியவர் என்று பேச்சு. டாக்சி வாங்கியபோது, வள்ளியூரிலிருந்து வந்து சாலைக் கடைத்தெரு ஓட்டலில் இலை எடுத்துக்கொண்டிருந்த லிங்கத்தைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தவரும் அவர்தான். அப்போதுதான் அவனுக்கு லைசன்ஸ் கிடைத்திருந்தது. வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது அவரே நம்பவில்லை.

பொன்முடி சவாரிதான் இந்த வண்டிக்குச் சோறு போடுகிறது, அதற்கு லாயக்கில்லாத வண்டியைக் கட்டி அழ முடியாது என்று அன்று சாயங்காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நெடுமங்காட்டு ரப்பர் வியாபாரி ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வருகிறார். அதற்கு முந்தின நாள் லீலாபாய் தாமே பின் சீட்டில் உட்கார்ந்து பொன்முடி உச்சிவரை வருவார். கொதிக்காமல் ஏறினால் வண்டி இருக்கும், லிங்கமும் இருப்பான். கொதித்தால் சாவி வியாபாரிக்கு.

லிங்கம் அந்த வியாபாரியிடமே ஓட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அவருக்க மச்சினன் டிரைவராக்கும். உனக்கு அங்க எடமில்ல, கேட்டியா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ வண்டிய ஒழுங்காப் பாக்கல்ல. அதான் சங்கதி.”

தன் முகத்தைக் கழுவுமுன் வண்டியின் முகத்தைத் துடைக்கிறவன் லிங்கம். நேரே கரமனைக்கு வண்டியை விட்டான்.

கரமனையில் யோசுவாவின் ஒர்க்‌ஷாப். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்பது யோசுவாவின் பெருமை. இந்த வண்டியின் நோயை அவன் சொல்லித் தீர்ந்தபாடில்லை. முதலில் ஃபேன் பெல்ட் தளர்ச்சி என்றான், மாற்றினான், கொதித்தது. ஹோஸ் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கிறது என்றான், மாற்றினான், கொதித்தது. இந்த ஊர்ச் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைப் பிடுங்கி வீசினான். அப்புறம் வாட்டர் பம்ப். ரேடியேட்டர் வாயில் குழாயைச் செருகி அரை நாள் தண்ணீர் விட்டுக் கழுவினான். கீழே பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது. மலையேறினால் கொதித்தது.

இனி எஞ்சின் ஹெட்டைத்தான் கழற்ற வேண்டும் என்றான். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். லிங்கத்திடம் ஒரு வாரம் இல்லை.

யோசுவா ஒரு லோட்டாவில் சீரகத் தண்ணீரை மோந்து கொடுத்தான். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் குடிக்கக் கிடைப்பது அதுதான். சீரகம் போட்டுக் காய்ச்சாத தண்ணீரை மலையாளிகள் மனிதர் குடிக்கும் தண்ணீராகவே ஒப்புக்கொள்வதில்லை. லிங்கம் ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இந்தக் கோளாறு எப்போது தொடங்கியது என்று யோசுவா கேட்டான். லிங்கம் யோசித்தான். மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. படுத்து எழுந்து வந்த பிறகுதான் இத்தனையும். அவன் படுத்திருந்த நாட்களில் வண்டியை ஓட்டியவன் கோலப்பன்.

கோலப்பன்.

லிங்கம் எழுந்தான்.

தம்பானூர் டாக்சி ஸ்டாண்டில் கோலப்பன் பானட்டில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வண்டியை என்ன செய்தாய் என்று லிங்கம் நேராகவே கேட்டான். கோலப்பன் கோபப்படவில்லை. அதுதான் மோசம். பொன்முடிக்கே போய்வந்ததாகவும், ஒரு சொட்டு ஆவி வரவில்லையென்றும், தங்கம் மாதிரி திருப்பிக் கொண்டுவந்து விட்டதாகவும் பொறுமையாகச் சொன்னான். பிறகு ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

“லிங்கம் வண்டியில போறவங்க சாயாப்பொடி மட்டும் கொண்டுபோனா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். வெந்நீரு அவரே தருவாரு.”

ஸ்டாண்டு சிரித்தது. கோலப்பன் ஓட்டும்போது கொதிக்காத வண்டி தன் கையில் மட்டும் கொதிக்கிறதென்றால், லீலாபாய் அம்மா சொன்னதுதான் நிஜமோ? திரும்பி நடக்கையில் அந்த எண்ணம் அவன் கூடவே நடந்தது.

சனிக்கிழமை வந்தது.

லீலாபாய் வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, சிறிய பிளாஸ்க்குடன் பின் சீட்டில் அமர்ந்தார். முன் சீட்டில் ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு யோசுவா. லிங்கம் வழக்கம்போலப் பச்சைக் கேனிலிருந்து ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி மூடினான். நெடுமங்காடு தாண்டியது. விதுராச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய வண்டிகளுக்கிடையே ஊர்ந்தபோதும் முள் நடுவிலேயே இருந்தது. கல்லாறு வந்தது. முதல் வளைவு. முள் அசைந்தது. இரண்டாவது வளைவு. யோசுவா கர்த்தரை முணுமுணுப்பாகக் கூப்பிட்டான்.

மூன்றாவது வளைவில் கொதித்தது.

லிங்கம் வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே இருந்தான். முடிந்தது. நாளைக்கு இந்த நேரம் இந்த ஸ்டியரிங்கில் வேறொருவன் கை. அவன் கைக்கு மறுபடி எச்சில் இலை. சத்தம் போட்டு அழலாமா, வண்டியை உதைக்கலாமா என்று தெரியாமல் கீழே இறங்கி, சாக்கைப் போட்டு மூடியைத் திருகினான். ஆவி சீறிக்கொண்டு கிளம்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பின் சீட்டுக்குள் புகுந்தது.

லீலாபாய் இறங்கினார். திட்டுவார் என்று லிங்கம் காத்திருந்தான். அவர் திட்டவில்லை. ஆவிக்குள் முகத்தை நீட்டி, வார்டில் நோயாளியின் வாயை மோந்து பார்ப்பவர்போல மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். பிளாஸ்க்கைத் திறந்து அதையும் மோந்தார்.

“லே லிங்கம். இது எனக்க வீட்டுல குடிக்கிற வெள்ளத்துக்க மணமில்லியா?”

லிங்கத்துக்கு விளங்கவில்லை. அவர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். பச்சைக் கேனைச் சரித்துப் பிளாஸ்க் மூடியில் ஊற்றினார். இளமஞ்சளாகத் தண்ணீர். மூடியின் அடியில் ஊறிப் பெருத்த சீரகம், சின்னப் புழுக்கள்போலக் கிடந்தது.

“வே லிங்கம்,” என்றான் யோசுவா மெதுவாக. “ரேடியேட்டர்ல ரசமா வே வச்சிருக்கீரு?”

கணக்கு அங்கேயே, பாதையோரத்தில் தீர்ந்தது. லிங்கம் எப்போதோ ரேடியேட்டர் டின் தண்ணீரில் வாய் கொப்பளித்ததை லீலாபாய் பார்த்திருக்கிறார். அப்புறம் அவனுக்குக் காமாலை வந்தது. கண்ட தண்ணீரைக் குடித்துத்தான் வந்தது என்று முடிவு கட்டி, அந்தத் துருப்பிடித்த டின்னைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுக் கேன் வாங்கினார். தினமும் விடிவதற்குள் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி, வேலைக்காரி அம்மிணியை விட்டு நிரப்பி டிக்கியில் வைக்கச் சொன்னார். லிங்கம் குடிப்பதற்கு. சத்து கீழே போய்விடும் என்று வடிகட்டவும் இல்லை.

அம்மா வண்டிக்குப் புதுக் கேன் வாங்கியிருக்கிறார் என்று லிங்கம் பூரித்துப்போனான். எந்நேரமும் குடிக்கிற தண்ணீரின் வாசனைதான் என்பதால் ஆவி வாடை அவன் மூக்கிலும் உறைக்கவில்லை, யோசுவா மூக்கிலும் உறைக்கவில்லை.

ரேடியேட்டருக்கு மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி. நடுவில் சீப்புப் பல்லாக ஒடுக்கக் குழாய்கள். அந்தக் குழாய் வாய் ஒவ்வொன்றிலும் சீரகம் தலைகீழாகக் குத்திக்கொண்டு நிற்கிறது என்றான் யோசுவா. சமதரையில் வழிகிற தண்ணீர் போதும், மலையில் போதாது. தான் மேலேயிருந்து தண்ணீர் விட்டுக் கழுவியது அதை இன்னும் இறுக்கமாக அடித்து ஏற்றியிருக்கிறது என்பதையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

லிங்கத்துக்கு உச்சந்தலை கொதித்தது. இத்தனை நாள் தூக்கம் போனது. ஸ்டாண்டில் மானம் போனது. கோலப்பனிடம் வீண் சண்டை. ‘வண்டிய ஒழுங்காப் பாக்கல்ல’ என்ற பேச்சு. முதலாளியம்மாவைப் பார்த்துக் கத்த முடியாது. ஆனாலும் வாயைத் திறந்தான்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். “அப்ப நீ ஒரு நாளுகூட இதக் குடிக்கல்ல?”

“இல்லம்மா.”

“பின்ன எதக் குடிச்ச? ஆத்துத் தண்ணியா?”

லிங்கம் கேனை எடுத்து டிக்கியில் வைத்தான். கல்லாற்றுத் தண்ணீர் சில்லென்று எவ்வளவு ருசியாக இருக்கும் என்று சொன்னால் இங்கேயே ஊசி போட்டுவிடுவார்.

வண்டியைத் தள்ளித் திருப்பி, எஞ்சினை அணைத்தபடியே கல்லாறுவரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சூடு ஆறியதும் யோசுவா ரேடியேட்டரைக் கழற்றினான். தண்ணீரில் இறங்கி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அடி வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றும்படி லிங்கத்திடம் சொன்னான். லிங்கம் வாளியால் ஊற்றினான். கொஞ்சம் சீரகம் வந்தது. யோசுவா உலுக்கினான், தட்டினான், இன்னும் கொஞ்சம். அப்புறம் வரவில்லை. கூழாகி உள்ளே அப்பிக்கொண்டிருந்தது. நெம்பியெடுக்க, வளைந்து கொடுக்கிற ஒல்லிக் கம்பி வேண்டும். பையைக் கவிழ்த்துத் தேடினான். ஸ்பானர்கள்தான் விழுந்தன. இங்கே முடியாது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்த் தொட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றான். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரி.

லிங்கம் வாளியைப் பாறைமேல் வீசினான். அது உருண்டு போய் ஆற்றில் விழுந்தது. எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

கரையில் நின்ற லீலாபாய் குடையை விரித்தார். வெயிலில்லை. மரநிழல்தான். விரித்த குடையைக் கவிழ்த்துப் பாறையில் வைத்து, சேலை ஓரத்தைச் செருகிக்கொண்டு, ஒரு கம்பியைப் பிடித்து முறுக்கினார். பட்டென்று வந்தது. நீட்டினார்.

“இது மதியா?”

யோசுவா வாங்கிக்கொண்டான். ஓய்வு பெற்ற நாளில் நர்சுகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த குடை அது. அது நனையக்கூடாதென்று மழைக்கு வேறு குடை பிடிப்பவர் அவர். கம்பியின் நுனியை வளைத்து வாய்க்குள் விட்டு யோசுவா நெம்பினான். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வந்தது. கம்பி ஒடிந்தது. அவர் இன்னொன்றை முறித்துக் கொடுத்தார். அதுவும் ஒடிந்தது. குடை கடைசியில் காக்கைச் செட்டையாகக் கிடந்தது. லிங்கம் வாளியைத் தேடி எடுத்து வந்து மறுபடி ஊற்றினான். இந்தத் தடவை ஊற்றிய வேகத்திலேயே மறுபக்கம் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது.

பூட்டினார்கள். ஆற்றுத் தண்ணீரை நிரப்பினார்கள். லீலாபாய் ஏறி உட்கார்ந்தார்.

மூன்றாவது வளைவில் லிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டான். முள் நடுவில். பத்தாவது வளைவிலும் நடுவில். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைத் தாண்டி, நிஜமான பனிக்குள் வண்டி ஏறி நின்றபோதும் முள் அங்கேயேதான். யோசுவா டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான்.

லீலாபாய் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. திரும்பும் வழியில் நெடுமங்காட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வியாபாரி வீட்டு வாசலில் இறங்காமலேயே, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை லிங்கம் டிக்கியைத் திறந்தான். இரண்டு இருந்தன. துருப்பிடித்த பழைய டின், குப்பையிலிருந்து மீண்டு வந்திருந்தது. அதில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி, வார்டுக் கையெழுத்தில் ‘வண்டி’ என்று எழுதியிருந்தது. பச்சைக் கேனில் ‘லிங்கம்’. நிரம்பத் தளும்பியது. வண்டிக்கு எவ்வளவோ அவ்வளவு அவனுக்கும்.

சாயங்காலம் கேன் காலியாக வர வேண்டும், அம்மா தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று அம்மிணி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கழக்கூட்டம் சவாரி முடிந்து திரும்பும்போது வயிறு முட்டியிருந்தது. கேனில் பாதி அப்படியே இருந்தது. லிங்கம் வண்டியை நிறுத்தி, கேனும் கையுமாக இறங்கினான். பழக்க தோஷத்தில் பானட் பக்கம் ஒரு அடி வைத்தான். நின்றான். கெட்ட வார்த்தை ஒன்றைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சாலையோரத்துத் தென்னை மூட்டில் மிச்சம் முழுவதையும் ஊற்றினான்.