ஆண்டவன் கையை ஆட்டலாமா?

பம்பு கெட்டுப்போயிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கெட்டுப்போன பம்பைச் சரி செய்ய அவனுக்குத் தெரியும். பையில் ஸ்பேனர், தோல் வாஷர், கிரீஸ் டப்பா எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் ஊர்க் கோடியில் நின்ற அந்த அடிபம்பு, வைத்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று நின்றது. கைப்பிடியில் பெயிண்ட் கீறல்கூட விழவில்லை. சிமெண்ட் மேடை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. சிந்துகிற தண்ணீர் ஓடக் கட்டிய வாய்க்காலில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் ஒரு மாலை. வேலிக்கு வெளியே கழற்றி விடப்பட்ட செருப்புகள்.



நகரத்துப் பிரார்த்தனைச் சபை ஒன்றில் அவனுக்கு வேலை. நல்ல தண்ணீர் இல்லாத ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட்டு அடிபம்பு வைத்துக் கொடுப்பது சபையின் தொண்டு. துளை போடுவதும் பம்பு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் பாடு. பிரார்த்தனை சபையின் பாடு. வேலைக்குச் சேர்ந்த அன்று, "தினம் பிரார்த்தனை பண்ணுவீங்களா?" என்று கேட்டார்கள். "பண்ணாம எப்படிங்க?" என்றான். கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஊர்களில் அவனைத் தண்ணி சார் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவன் மாமியாருக்குப் பிடிக்காது. கேட்கிறவன் என்ன நினைப்பான் என்பாள்.

வேலிக் கதவின் பூட்டுக்குச் சாவி வைத்திருந்தவருக்கு ஊரில் பெயரே சாவி. பம்பைப் பார்த்துக்கொள்ளச் சபை நியமித்த ஆள் அவர். இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

"யாரும் தண்ணி எடுக்கறதில்லையா?" என்று கேட்டான்.

"எடுக்காம என்ன சார். உடம்பு முடியாதவங்களுக்கு உள்ளங்கை அளவு குடுப்போம். பரீட்சைக்குப் போற புள்ளைங்க நெத்தியில ரெண்டு சொட்டு."

"குடிக்க? சமைக்க?"

"அதுக்குத்தான் குளம் இருக்கே."

குளத்தை அவன் வருகிற வழியில் பார்த்திருந்தான். அதற்குள் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. நிற்பதோடு அவை நிறுத்திக்கொள்ளவில்லை.

"போன வாரம் என் மவளுக்கு வயித்தால போயி ஆளே துவண்டுட்டா. இந்தத் தண்ணிதான் சார் குடுத்தேன். எழுந்து உக்காந்துட்டா. என்ன சக்தி!"

"யோவ், குளத்துத் தண்ணியக் குடிச்சுதான்யா வயித்தால போச்சு!"

"அதத்தான் சார் நானும் சொல்றேன். குளம் கெடுத்துச்சு, ஆண்டவன் கை காப்பாத்துச்சு."

ஆண்டவன் கை. தப்பு எங்கே நடந்தது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. பம்பு திறப்பு விழாவில் சபைத் தலைவியம்மா காலையிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை பிரார்த்தனை செய்வாள். முடிக்கும்போது பம்பைக் கட்டிக்கொண்டு அழுவாள். "இது இரும்பு இல்ல. ஆண்டவன் உங்களுக்கு நீட்டின கை. இத அசுத்தப்படுத்திடாதீங்க!" என்பாள். எல்லா ஊரிலும் இதே பேச்சு, இதே அழுகை. மற்ற ஊர்களில் ஜனங்கள் அரைக் காதில் கேட்டுவிட்டு, அந்த அம்மா வேன் ஏறியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஊர் என்று ஒன்று இருக்கும் என்று சபை எதிர்பார்க்கவே இல்லை.

"இது பம்புங்க. வெறும் பம்பு. ஃபேக்டரில செஞ்சது. நான்தான் லாரியிலேர்ந்து இறக்கினேன். இறக்கும்போது என் கால்ல விழுந்து நகமே பேந்துடுச்சு."

சாவியின் கண்கள் விரிந்தன. "எந்தக் கால் சார்?" என்றார், குனிந்து.

அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"சரி, என்னதான் பயம் உங்களுக்கு? புடிச்சு அடிச்சா தண்ணி வரப்போகுது!"

"நல்லா இருக்கு சார் நியாயம்," என்றார் சாவி, மனம் புண்பட்டு. "ஆண்டவன் கையப் புடிச்சு ஆட்டலாமா?"

அவனுக்கு இதில் கவலை வேறு. அடுத்த பம்பு அவன் மாமியார் ஊருக்கு. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து டைபாய்டில் விழுந்தவள், மகள் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள். "நல்ல தண்ணி வந்ததும் போயிடறேன்" என்றாள். வீட்டில் இருந்தது ஒரே ஃபேன். அது இருந்த அறை அத்தைக்குப் போனது. அவன் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் படுத்தான். கெட்ட மனுஷியாக இருந்தாலாவது கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவள் சொல்வதெல்லாம் சரியாக இருந்து தொலைத்தது.

தலைவியம்மாவோ கறாராகச் சொல்லியிருந்தாள். வைத்த பம்பை ஜனங்கள் பயன்படுத்துகிறார்களா என்று நேரில் வந்து பார்ப்பாள். இல்லையென்றால் இனி பம்பே கிடையாது, கம்பளிதான். சபையில் பலருக்குக் கம்பளிமேல்தான் ஆசை. போர்த்திவிட்டு உடனே படம் எடுக்கலாம். அந்த அம்மா வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பேச்சு பலிக்காது என்று தெரிந்ததும், பம்பைக் கொஞ்சம் அவமானப்படுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தான். எல்லோரும் பார்க்க அதே தண்ணீரில் தன் மோட்டார் சைக்கிளைக் கழுவினான். சேற்றைத் துடைத்தான், செயினைத் தேய்த்தான், வேண்டுமென்றே மேடையில் எண்ணெய் சிந்தினான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மறுநாள் அவன் வந்தபோது வேலிக்கு வெளியே ஒரு டிராக்டரும், சில சைக்கிள்களும், சக்கரம் ஆடுகிற ஒரு தள்ளுவண்டியும் வரிசையாக நின்றன.

"நேத்து நீங்க உங்க வண்டிக்குச் செஞ்ச மாதிரியே எங்களுக்கும் செஞ்சு குடுங்க சார்," என்றார் சாவி. "போற வழியில ஒண்ணும் ஆகக்கூடாது பாருங்க."

செய்து கொடுத்தான். வேறென்ன செய்வது? தள்ளுவண்டியின் சக்கரத்தை மட்டும் ஸ்பேனரால் முடுக்கிவிட்டான். அது ஆடாமல் நின்றதும் பம்பின் மகிமை இன்னும் ஒரு படி ஏறிவிட்டது.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"தண்ணி வருதுல்ல?"

"வருது அத்தே. கண்ணாடி மாதிரி வருது."

"வெச்சுக்கிட்டு எடுக்க மாட்டேங்கறாங்க?"

"மாட்டேங்கறாங்க."

"நாளைக்கு நானும் வரேன், மாப்ளே."

"உங்களுக்கு உடம்பு இன்னும்…"

"எங்கம்மா வந்தா உங்களுக்கு என்ன?" என்றாள் மனைவி. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

காலையில் பெண்கள் குடத்தோடு குளத்துக்குப் போகிற நேரத்தில் அத்தை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினாள். சாவி கதவைத் திறந்து, "செருப்பக் கழட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"கால்ல வெடிப்பு," என்று சொல்லிவிட்டு அவள் செருப்போடு உள்ளே போனாள். கைப்பிடியில் இருந்த மாலையை எடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சாவியிடம் கொடுத்தாள். நாலு அடி அடித்தாள். பம்பு முனகியது, இருமியது, பிறகு கொட்டியது. அவள் குடித்தாள், முகம் கழுவினாள், வாய் கொப்பளித்து மேடையிலேயே துப்பினாள். பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பிலிருந்து குடம் நழுவியது.

"இத வெச்சுக்கிட்டா ஆட்டு மூத்திரத்தக் குடிக்கறீங்க?"

"அதுக்கெல்லாம் நாங்க தகுதி இல்லாதவங்கம்மா," என்றார் சாவி, மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு.

"அப்ப சரி. மாப்ளே, ஸ்பேனர எடுங்க. கழட்டுங்க."

"அத்தே?"

"எங்க ஊருல எல்லாரும் தகுதியானவங்கதான். அடியில இருக்கறத இப்ப எடுக்க முடியாதுன்னா மேல இருக்கறத மட்டும் கொண்டுபோவோம். அந்தத் தலைப்பக்கத்த நான் மடியில வெச்சுக்கறேன், கைப்பிடிய நீங்க தோள்ல மாட்டிக்குங்க."

நல்ல நடிப்பு என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தான். அது நடிப்பு இல்லை. பம்பை எப்படிக் கட்டினால் வண்டியில் நிற்கும் என்று அவள் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.  அத்தை சொல்லி அவன் மாட்டேன் என்று சொன்ன வழக்கம் இல்லை. மண்டி போட்டு, போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். போல்ட் கிறீச்சென்று கத்தியது.

அதைவிடப் பெரிதாக இன்னொரு சத்தம் கேட்டது.

"ஏய்! எந்த ஊருக்காரி நீ? எங்க பம்புல கை வெக்கற?"

குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி. அந்தக் குரலுக்காகவே ஊரில் அவளைத் தகரம் என்று கூப்பிடுவார்கள்.

"உங்க பம்பா?" என்றாள் அத்தை. "ஆண்டவன் கைன்னு சொன்னாங்க?"

"ஆண்டவன் கைதான்! எங்களுக்கு நீட்டின கை! உனக்கா நீட்டுனாரு?"

"நீட்டுன கையில ஒரு சொம்பு தண்ணி வாங்கத் துப்பில்ல. வந்துட்டா சண்டைக்கு."

"யாருக்குத் துப்பில்ல?" தகரம் வேலிக்குள் பாய்ந்து, தன் குடத்தை டங்கென்று பம்பு வாய்க்குக் கீழே வைத்து, கைப்பிடியைப் பற்றினாள். "இப்ப கழட்டுடி பாக்கலாம்!"

அடித்தாள். குடம் நிரம்பியது. இடி விழவில்லை. குளத்து ஆடுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மற்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"இவ மட்டும் என்ன பெரிய தகுதி?" என்று ஒரு குரல் எழுந்தது.

அவ்வளவுதான். ஒரு குடம், அடுத்து இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்குப் பிளாஸ்டிக்கும் பித்தளையுமாக மேடையில் வந்து இறங்கின. வேலி ஒரு பக்கம் சாய்ந்தது. யார் முதலில் வந்தது, யார் குடத்தை யார் தள்ளியது, போன வருஷம் யார் யாரை என்ன சொன்னது என்று எல்லாமே வெளியே வந்தன. சாவி கொஞ்ச நேரம் மாலையோடு தவித்தார். பிறகு அதை வேலியில் மாட்டிவிட்டு, "வரிசை! வரிசையா வாங்க!" என்று கத்த ஆரம்பித்தார். அவருக்குப் புது உத்தியோகம் கிடைத்துவிட்டது. அத்தனை கால்களுக்கும் நடுவில் அவன் மண்டி போட்டு, பின்கழுத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, தளர்த்திய போல்ட்டைத் திரும்ப முடுக்கினான்.

திரும்பும் வழியில் அத்தை பம்பு இருந்த திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இன்னும் ரெண்டு திருகு திருகியிருந்தா கையோட வந்திருக்கும்," என்றாள் கடைசியில்.

"வந்திருக்கும் அத்தே."

தலைவியம்மா வந்த அன்று, கைப்பிடியில் பெயிண்ட் பாதி போயிருந்தது. மேடை ஓரத்தில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. வேலியில் மிச்சம் நின்ற கம்பிகளில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பம்பைச் சுற்றி வழக்கமான சண்டை. சபைக்காரர்கள் வேனிலிருந்து கேமராவோடு இறங்கினார்கள்.

"என்னப்பா இது!" என்றாள் தலைவியம்மா. "நான் அழுது பிரார்த்தனை பண்ணின இடம். சந்தைக்கடை ஆக்கிட்டாங்களே!"

இரண்டு கையையும் விரித்தபடி அவள் பம்பைக் கட்டிக்கொள்ளப் போனாள். தகரம் குறுக்கே வந்தாள்.

"யம்மா, கடைசில போயி நில்லுங்க."

"நான் யாருன்னு தெரியுதாம்மா?"

"யாரா வேணா இருங்க. குடம் எங்க?"

முன்பு வந்தபோது அழுத முகத்தைத்தான் ஊர் பார்த்திருந்தது. இந்த முகம் யாருக்கும் பிடிபடவில்லை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் கம்பளிகள் அடுக்கடுக்காக வந்தன. அடுத்து, சிலிண்டரும் அரிசி டப்பாவும்.

கண்ணைத் திறந்தபோது தலைவியம்மா வரிசையின் கடைசியில் நின்றாள். கையில் சாவி இரவல் கொடுத்த குடம். வாழ்நாளில் யாரும் அவளைக் கடைசியில் நிறுத்தியதில்லை என்பது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. வெயில் ஏறியது. கேமராக்காரர் வேன் நிழலுக்குப் போய்விட்டார். நடுவில் ஒருத்தி புகுந்தபோது, "இந்தாம்மா, நான் நிக்கறது தெரியலையா?" என்று தலைவியம்மாவே கேட்டாள். கேட்டுவிட்டுத் திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். அவன் ஓணானைத் தேடுவது போல வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் முறை வந்தது. அடிக்கத் தெரியவில்லை. தகரமே அடித்துக் கொடுத்தாள். "தள்ளி நில்லுங்க, கால் நனையும். எந்த ஊரோ பாவம், இதுகூடத் தெரியல," என்றாள்.

தலைவியம்மா குடித்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைக்க முயன்று, முடியாமல், இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"குடுங்கம்மா, கொட்டிடறேன்."

"ஏன் கொட்டணும்? இவ்ளோ நேரம் நின்னு வாங்கின தண்ணி." வேனில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பவும் இப்படித்தானா?"

"வெளுத்ததுலேர்ந்து இருட்டற வரைக்கும்."

"என்னை ஒருத்திக்கும் அடையாளம் தெரியல."

"தெரியலைங்க."

அவள் குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். 

"அடுத்தது எந்த ஊர்?" என்றாள்.

மாமியார் ஊரில் பம்பு திறந்த அன்று, பிரார்த்தனையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும்படி அவன் தலைவியம்மாவிடம் கேட்டிருந்தான். கை என்ற பேச்சே வேண்டாம், பம்பு என்றே சொல்லிவிடுங்கள் என்றும் கெஞ்சியிருந்தான். பார்க்கிறேன் என்றாள். கண்ணை மூடிய நிமிஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. "இது இரும்பு இல்ல…" என்று ஆரம்பித்தாள்.

கிறீச், கிறீச் என்று சத்தம் கேட்டது. அத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடம் நிரம்பியதும் பக்கத்து வீட்டுக்காரி தன் குடத்தை நுழைக்க, இன்னொருத்தி தடுக்க, "நான் ஊர்ல இல்லாதப்ப குடம் வெச்சுப் புடிச்ச வரிசை இங்க செல்லாது!" என்று அத்தை குரலை உயர்த்தினாள். அந்தக் குரலில் காய்ச்சலின் சுவடே இல்லை. இப்படிச் சண்டை போட்டுப் பிடித்த இடத்தை அவள் இனி யாருக்கும் விட்டுத்தர மாட்டாள் என்று அவனுக்கு உறுதியாயிற்று. சத்தம் போடாமல் போய், வண்டியிலிருந்து தகரப் பெட்டியை அவிழ்த்து இறக்கினான்.

தலைவியம்மா கண்ணைத் திறந்தபோது அவளுக்கும் பம்புக்கும் நடுவில் நீளமாக ஒரு வரிசை இருந்தது. விரித்த கைகளைக் கீழே இறக்கினாள்.  யாரும் சொல்லாமலேயே வேனுக்குப் போய்ச் சாவியின் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் நின்றாள்.