பெண்கள் பக்கத்துப் படங்கள்

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் விஜயசங்கர், சாரல் சீசனில் குற்றாலத்து லாட்ஜ் ஹால் ஒன்றில் தன் அருவிப் படங்களைத் திரையில் ஓடவிட ஏற்பாடு செய்திருந்தார். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம், மேற்கத்திய சிம்பொனிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். படத்துக்கேற்ற இசையைப் பொருத்தித் தரும் வேலை மீனாவிடம் வந்தது. அவள் சென்னையில் வயலின் படித்தவள். இங்கே பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறாள்.

முதல் படங்கள் சுலபமாக இருந்தன. பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிப் பொங்கும் பேரருவிக்கு ட்ரம்பெட்டும் முரசும். ஐந்தருவிக்கு ஒன்றையொன்று துரத்தும் வயலின்கள். அடுத்து வந்த படங்களில் அவள் கை நின்றுவிட்டது. நனைந்த முதுகுகள், கூந்தல் பிழியும் கைகள், தடுப்புக் கம்பியைப் பற்றிய ஒரு வளையல் கை. ஒரு முகமும் இல்லை. ஆனால் எல்லாமே பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம். ஆண்களைப் போலீஸ் அங்கே விடாது.

பிறகு எப்படி எடுத்தார்? போன மாதம் தானும் அங்கே குளித்தது நினைவுக்கு வர, மீனா படங்களைப் பெரிதாக்கித் தன் சேலையின் நிறத்தைத் தேடினாள். இல்லை. கணவன் பால்வண்ணநாதனிடம் காட்டினாள். ஸூம் லென்ஸ் இருந்தால் தூரத்திலிருந்தே எடுக்கலாம், நீ இதில் மாட்டிக்கொள்ளாதே என்றான் அவன். ஆனால் படங்களில், லென்ஸ்மேல் தெறித்த நீர்த்துளிகளின் மங்கல் தெரிந்தது. எடுத்த ஆள் அந்தப் பெண்களின் நடுவில்தான் நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய், எங்கே நின்று எடுத்தீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். அதெல்லாம் எடுக்கிற விதத்தில் இருக்கிறது என்றார் விஜயசங்கர், அவள் கண்ணைப் பார்க்காமல். காபி கொண்டுவந்த அவர் மனைவி முத்துவடிவு மீனாவின் லேப்டாப்புக்கு அருகிலேயே நின்றுகொண்டாள். இவளும் உடந்தையோ என்று மீனாவுக்குப் பட்டது. அவள் முகம் மாறுகிறதா என்று சோதித்துப் பார்க்க, ஒரு முதுகுப் படத்துக்கு முரசு முழங்கும் பகுதியை ஓடவிட்டாள்.

"அதுக்கு இது வேண்டாம் டீச்சர்," என்றாள் முத்துவடிவு. "அந்தக்கா அழுதுக்கிட்டுல்லா நின்னா."

"முதுகுதான தெரியுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விஜயசங்கர் எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகுதான் முத்துவடிவு சொன்னாள். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொருத்தியிடமும் சம்மதம் கேட்டு, முகம் வராமல் அவள்தான் எடுத்திருக்கிறாள். அவள் அண்ணன் ஆவுடையப்பன் போலீஸில் இருக்கிறார். தெரிந்தால் மானம் போச்சு என்று குதிப்பார். அதனால் கணவர் பெயரிலேயே போகட்டும் என்று அவளே சொன்னாளாம். அவளே சொன்னாளா, சொல்ல வைத்தார்களா? மீனாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. முத்துவடிவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் படங்களுக்கு, அடிக்குரல் தந்தி வாத்தியமான செல்லோக்கள் மட்டும் ஒலிக்கும் மெதுவான பகுதியைத் தேர்ந்தெடுத்தாள்.

நிகழ்ச்சியன்று ஹால் நிரம்பியிருந்தது. முதுகுப் படங்கள் வந்ததும் முணுமுணுப்பு கிளம்பியது. முன்வரிசையிலிருந்து ஆவுடையப்பனே எழுந்தார்.

"மாப்ள, பொம்பளையள் குளிக்கிற எடத்துல ஒமக்கு என்னவே வேலை?"

விஜயசங்கர் குனிந்து மைக் வயரைச் சரிசெய்யத் தொடங்கினார். இசையை நிறுத்தப் போன மீனாவை முத்துவடிவு கையமர்த்திவிட்டு எழுந்தாள்.

"அவுக எடுக்கல. நாந்தான் எடுத்தேன்."

ஆவுடையப்பன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிறாள் என்றே நினைத்திருப்பார் போலும். விறுவிறுவென்று வெளியேறினார். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் விஜயசங்கர் மைக்கை எடுத்து, இந்தப் படங்கள் என் மனைவி எடுத்தவை என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. முத்துவடிவு அவர் பக்கம் திரும்பவில்லை. செல்லோக்கள் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.