மூடிய ரிப்போர்ட்

அந்தப் புரோகிராம் வரியை மூன்றாவது முறை படித்தபோது பொன்செல்விக்குப் பின்கழுத்து வேர்த்தது. மணி பத்தரை. திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் ஐடி பார்க்கில், ஐந்தாம் மாடியில் ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வரி அவள் எழுதியது. கொச்சியில் ஒரு ஸ்கேன் மையம் காலை ஏழு மணியிலிருந்து முடங்கிக் கிடந்தது. பொன்செல்வியின் கம்பெனி அனுப்பிய அப்டேட்டைப் போட்டு சர்வரை மறுபடி இயக்கியதும் நெட்வொர்க் போய்விட்டது. எடுத்த ஸ்கேன் எதுவும் டாக்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நோயாளிகள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மெயில் மேல் மெயில்.

அங்கிருந்த நெட்வொர்க் கார்டு ஒன்றுதான். ஆனால் தன்னை அறுபத்துநான்கு கார்டுகளாகக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் மெமரியில் ஓர் இடம் வேண்டும். ஒரு தனிக் கார்டின் அளவால் வகுபடும் முகவரியில் அந்த வரிசை தொடங்கினால் போதும். பொன்செல்வி, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் எழுதிய வரியோ, அறுபத்துநான்கின் மொத்த அளவால் வகுபடும் முகவரியைக் கேட்டது. இடம் தாராளமாக இருக்கும் புது மெஷின்களில் அது கிடைத்துவிடும். இடம் நெருக்கடியான பழைய மதர்போர்டுகளில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கெர்னல் அத்தனை கார்டுகளையும் விட்டுவிட்டு மேலே போய்விடும்.

திருத்தப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. நாலாம் மாடி லேபில் டெஸ்டிங் பார்க்கும் ஷெமிக்கு அதை அனுப்பிவிட்டு, ஏதோ உறுத்த, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடினாள். மூன்று வாரம் முன்பு ஷெமி போட்டது இருந்தது: ‘பழைய போர்டில் கார்டுகள் வரவில்லை.’ அதன் கீழே: ‘போர்டு கோளாறு. மூடப்பட்டது. பொன்செல்வி.’

மேனேஜர் பட்டாபி அவள் மேசைக்கே வந்துவிட்டார். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக்காரர்; பதற்றத்தில் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

“பதினொண்ணுக்கு கொச்சிக்காராளோட வீடியோ கால். டெஸ்டிங்ல கோட்டை விட்டுட்டான்னு சொல்லிடறேன். ஷெமி கான்ட்ராக்ட்தானே, இந்த மாசத்தோட முடியறது. நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டியா?”

“சார், அவ ரிப்போர்ட் போட்டிருக்கா.”

“மூடின ரிப்போர்ட்டை யார் தோண்டப் போறா? ஒம் பேரை டீம் லீடு ப்ரமோஷனுக்கு எழுதி அனுப்பியிருக்கேன். ஞாபகம் வெச்சுக்கோ.”

அதைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அவர் நகர்ந்த பிறகு, அந்த நிம்மதியை நினைத்தே வெட்கமாக இருந்தது.

வீடியோ காலில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஷெமியின் பெயரும் திரையின் ஒரு கட்டத்தில், முகமில்லாமல். பட்டாபி, “எங்க டெஸ்டிங் டீம்ல...” என்று ஆரம்பித்ததும் பொன்செல்வி மைக்கைத் திறந்தாள். ரிப்போர்ட் மூன்று வாரம் முன்பே வந்தது, அதை மூடியது நான், பிழை என் புரோகிராமில் என்று மலையாளத்தில் சொன்னாள். பிறகு கொச்சிக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: அது எப்போது சரியாகும்?

பன்னிரண்டேகாலுக்கு மையம் இயங்கத் தொடங்கியது. பட்டாபி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, அவளைப் பார்க்காமலே லிஃப்டுக்குப் போனார்.

லேபில் ஷெமி பழைய போர்டின் முன்னால் நின்றிருந்தாள்.

“அறுபத்திநாலும் வந்தாச்சு, சேச்சி.”

“ஷெமி, நான்...”

“கால்ல சொன்னத கேட்டேன்.” ஷெமி திரும்பவில்லை. “ஒண்ணு கேக்கட்டா? நான் அன்னிக்கி ரிப்போர்ட்டோட அனுப்புன லாக் ஃபைல தொறந்து பாத்தீங்களா?”

பொன்செல்வி போர்டின் பக்கம் வந்து நின்றாள்.

“இல்ல. பழைய போர்டுன்னு இருந்துச்சு. பாக்காமலே மூடிட்டேன்.”

“ம்.”

ஷெமி மெஷினை அணைத்தாள். நீளமான நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றத் தொடங்கினாள். தரையில் கிடந்த மறுமுனையைப் பொன்செல்வி குனிந்து எடுத்தாள். சுற்றச் சுற்ற கேபிள் குறைந்துகொண்டே வந்தது. கொடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் அவள் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.