விளிம்புவரை தண்ணீர்

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, 'ஆறாம் வகுப்புக்குப் பள்ளி வருவாள்'. மற்றது, 'வீட்டிலிருந்தே கற்பாள்'. மகள் ரோகிணிக்காக இரண்டாவதில் டிக் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள் சத்தியப்பிரியா. கொடுக்க இன்று கடைசி நாள்.

அவள் காரைக்குடியில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை. அவளுடைய மையம் இருந்த வளாகத்திலேயே ரோகிணி ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். ஆறாவது வேறு பள்ளி. அங்கே அம்மா கூட இருக்க முடியாது.

பதினான்கு வருட வேலையில் பிள்ளைகள் அவளைச் சிரமப்படுத்தியதில்லை. அம்மாக்கள்தான். பிள்ளைக்கு உதவாமல் அவர்கள் கை சும்மா இருக்காது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அம்மாவின் இரண்டு கைகளிலும் கொடுத்துவிடுவாள். பிள்ளை தன் வேலையை முடிக்கிறவரை ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது.

காலை எட்டு மணிக்கு வீரலட்சுமி வீட்டுக்கு வந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். அவள் மகள் பொன்னழகும் சத்தியப்பிரியாவிடம்தான் படிக்கிறாள். மகளின் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ரோகிணி கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். பதினோரு வயது. சத்தியப்பிரியா குனிந்து அவளுக்குச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன டீச்சர், எங்களுக்கு ஒரு நாயம், ஒங்களுக்கு ஒரு நாயமா?”

“நேரமாச்சு வீரலட்சுமி. இவளுக்கு விரல்ல பலம் பத்தாது.”

“பொன்னழகுக்கு மட்டும் இரும்பு விரலாக்கும்? இதையேதான் நானும் சொன்னேன். என்னா வெரட்டு வெரட்டுனீக!” மேஜைமேல் இருந்த படிவம் கண்ணில் பட்டது. “இதென்ன? புள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சுக்கிறப் போறீகளா?”

“அங்க சட்டை கழண்டா யாரு மாட்டிவிடுவா? புள்ளைக சிரிக்கும்.”

“இவ போட்டுப் பாத்திருக்காளா?”

எல்லாப் பிள்ளைகளையும் மாதாமாதம் சோதித்துப் பதிவேட்டில் எழுதுகிற சத்தியப்பிரியா, ரோகிணியின் பக்கத்தில் மட்டும் மூன்று வருடமாக 'பட்டன்: உதவியுடன்' என்றே எழுதி வந்தாள். சோதித்ததில்லை. பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

வீரலட்சுமி கேட்காமலே அடுப்படிக்குப் போனாள். டம்ளரை நிறைத்துக்கொண்டு வந்தாள்.

“பிடிங்க. ரெண்டு கையாலயும்.”

போட்டிருந்த இரண்டு பட்டன்களையும் கழற்றிவிட்டாள். “ஏத்தா ரோகிணி, நீயே போடு.”

ரோகிணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பட்டன் மூன்று முறை நழுவியது. சத்தியப்பிரியாவின் முழங்கை உயர்ந்தது. தண்ணீர் பாதத்தில் விழுந்தது.

“சிந்துது டீச்சர்!” என்று அதட்டினாள் வீரலட்சுமி.

“நீ சும்மா இரு,” என்றாள் சத்தியப்பிரியா.

ரோகிணி சிரித்துவிட்டாள். அம்மாவை யாரும் அதட்டி அவள் பார்த்ததில்லை. பிறகு நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு குனிந்தாள். பட்டன் துளைக்குள் பாதி போய் நின்றது. வெளியே பள்ளி ஆட்டோ ஹாரன் அடித்தது.

“செத்த நில்லுய்யா!” என்று வீரலட்சுமி வாசல் பக்கம் கத்தினாள்.

பட்டன் மறுபக்கம் வந்தது.

ஆறு பட்டன்களில் ஐந்துக்குப் பதினெட்டு நிமிடம். எல்லாம் ஒரு துளை தள்ளி. காலரில் ஒரு பக்கம் ஏறி நின்றது.

“தள்ளிப் போட்டிருக்கா,” என்றாள் சத்தியப்பிரியா.

“தள்ளித்தான் இருக்கு. நிக்குதுல்ல?”

ரோகிணி வந்து டம்ளரை வாங்கினாள். முழுவதும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

சத்தியப்பிரியா படிவத்தை எடுத்தாள்.

“அடிச்சுத் திருத்துனா ஒத்துக்கிருவாகளா?”

“பக்கத்துல கையெழுத்துப் போட்டாச் செல்லும்னு போன வருசம் நீங்கதான சொன்னீக.”

இரண்டாவது கட்டத்தை அடித்தாள். முதலாவதில் டிக் போட்டாள். பக்கத்தில் கையெழுத்திட்டாள். கை ஈரமாக இருந்ததால் மை கொஞ்சம் பரவியது. படிக்க முடிந்தது.