பச்சை பெயிண்ட் அடிச்ச மரம்

வியாதி வந்த மரத்துக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க?

அந்த ஹோட்டல்ல அடிச்சாங்க. வாசல்ல வரிசையா நின்ன ஊசியிலை மரங்கள்ல ஒண்ணு நுனியிலேருந்து கருகிக்கிட்டு வந்துச்சு. பூஞ்சை நோய். கருகின கிளையா பாத்து வெட்டி எரிச்சா அந்த மரமும் பிழைக்கும், பக்கத்து மரங்களுக்கும் பரவாது. அதுக்காகத்தான் தோட்டக்காரி கத்திரியோட வந்தா. வந்து பாத்தா, மரம் பளபளன்னு பச்சையா நிக்குது. ஏணி மேல அவளோட சொந்த அண்ணன், ஹோட்டல் பெயிண்டர்.

"அண்ணே, உனக்கு மூளை இருக்கா?"

"மேனேஜர் சொன்னாரு. நாளைக்கு முதலாளி வர்றாராம். நல்லாத்தானே இருக்கு?"

"காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி உக்கார வச்ச மாதிரி இருக்கு! இனிமே எது கருகின கிளை, எது நல்ல கிளைன்னு எனக்கு எப்படித் தெரியும்? எத வெட்டுறது, உன் கையவா?"

அண்ணன் மரத்த மேலயும் கீழயும் பாத்தான். "ரெண்டு தடவை வேற அடிச்சுத் தொலைச்சிட்டேனே தாயி."

அவ கத்திரிய கீழ போட்டா. நேரா மேனேஜர்கிட்ட போய்க் கத்தினா. "முதலாளி வந்துட்டுப் போகட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்"னு அவர் போனை எடுத்துக்கிட்டாரு.

மறுநாள் காலையில, முதலாளி வர்றதுக்கு முன்னாடியே, பக்கத்து மரங்களாவது பிழைக்கட்டும்னு அந்த மரத்த அவ அடியோட அறுத்துட்டா. மரம் பாத்து விழ அதுல கட்டின கயித்த அண்ணன் பிடிச்சுக்கிட்டான்.